மைனஸ் நாற்பது

பம்மம். சித்திரை மாதம். காலை எட்டரை.
புகை திரும்பி வரும் குழாய்க்குள்
மைனஸ் நாற்பது டிகிரி என்கிறது வண்டி.

எதிர்க்கடை அன்னாசித் தோலில் ஈ மொய்க்கிறது.
என் வியர்வை ஸ்கேனர் கண்ணாடியில் விழுந்து
எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிறது:
மைனஸ் நாற்பதேதான்.

தார்சிஸ் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து
அயிலையும் சாளையும் ஏற்றுகிறவர்.
மேடம் என்பதா அக்கா என்பதா என்று
நேற்று தடுமாறிவிட்டு
இரண்டும் இல்லாமல் சொன்னார்:
"பாலம் கேறமாட்டேங்கு.
பாதியில மூச்சு நிக்கி.
பின்னால நிக்க பஸ்ஸுக்காரன்
எங்க அப்பனயும் சேத்து விளிக்கான்."

கருங்கலில் ஒருவர் சென்சாரை மாற்றியிருக்கிறார்.
மூவாயிரத்து இருநூறு.
மஞ்சள் விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்து
மூன்றாம் நாள் எரிந்திருக்கிறது.

இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினில்
எல்லாச் சென்சாரும் ஒரே சொல் சொல்ல வேண்டும்.
தண்ணீர் இருபத்தொன்பது என்கிறது.
உள்ளே வரும் காற்று முப்பது.
இது ஒன்று மட்டும் பனிக்கட்டி தேசத்தில்.

பிளக்கைக் கழற்றினேன். அதே மைனஸ் நாற்பது.
இரண்டு முனையையும் ஒரு கம்பியால் இணைத்தேன்,
எண் உச்சிக்குத் தாவவேண்டும்.
தாவவில்லை.

அப்படியானால் புதுசு குற்றவாளி இல்லை.
டீக்கடைக் கொதிநீர் ஒரு டம்ளர் வாங்கி
மூக்கை முக்கி மீட்டர் வைத்தேன்.
சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்கியது,
அடம்பிடிக்காமல், படிப்படியாய்.
"பழசு இருக்கா?"
டாஷ்போர்டில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்தார்.
கரி சுரண்டி அதையும் முக்கினேன்.
அதுவும் நல்லதுதான்.
மூவாயிரத்து இருநூறு ரூபாயை நினைத்து
இருவரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வயர்.
கேபினுக்கு அடியில், மீன்பெட்டித் தண்ணீர்
நான்கு வருடமாய்ச் சொட்டும் இடம்.
மேல்தோல் முழுசாய் இருந்தது.
விரலால் இழுத்தேன், நீண்டது.
செம்பு இருந்தால் வயர் நீளாது.
கீறினால் உள்ளே பச்சைப் பொடி,
உப்பு தின்று தீர்த்த மிச்சம்.

"அறுந்ததுன்னா அறுந்ததுன்னு சொல்லாதா?
எதுக்குக் குளிருன்னு சொல்லுகு?"

வண்டிக்கு அறுந்தது தெரியாது, தார்சிஸ்.
மறுமுனையிலிருந்து ஒன்றும் வரவில்லை
என்பது மட்டும் தெரியும்.
ஒன்றும் வராதபோது
தனக்குத் தெரிந்த கடைசிக் குளிரை
எழுதிவைத்துவிடும்.
பிறகு அதை நம்பி
மூச்சைக் குறைத்து, பாலத்தில் நின்றுவிடும்.

சால்டர் வைக்கையில் என் போன் அடித்தது.
கடைப்பலகை நம்பரைத் தேடிப்பிடித்து
ஒரு பெண்குரல்:
"அங்க தார்சிஸ்னு ஒருத்தர்... வண்டி..."
அதற்குமேல் அவளால் ஓடவில்லை.

காலைப் பூசைக்கு ஊமையாக்கிய போன்
பெஞ்சில் கவிழ்ந்து கிடக்கிறது.
பதினான்கு அழைப்பு.
"ரோட்டுலதானடி நிக்கேன், கடல்லயா நிக்கேன்"
என்று சிரித்தபடி ஆரம்பித்தவர்
திரும்பி நின்றுகொண்டார்.
வெகுநேரம் "ம்" மட்டும் கேட்டது.

வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:
"புயலுக்கு அவ தம்பி போனதுலேந்து
இப்படித்தான்."

நான் டேப் சுற்றினேன்.
ஒரு சுற்று கூடுதலாகவே சுற்றினேன்.

சாவியைத் திருப்ப, முப்பத்தொன்று.
ஐம்பத்தாறு. தொண்ணூறு.
நூற்றுநாற்பதைத் தொட்டு அங்கேயே ஊசலாடியது,
எஞ்சின் தன் புகையைத் தானே
கொஞ்சம் திரும்பக் குடிக்கும் சூடு.

வயருக்கும் கைக்கும் நானூறு வாங்கினேன்.
பழைய சென்சாரை என் மேசையிலேயே
மறந்துவிட்டுப் போனார்.

கால்மணி நேரம் கழித்து
அதே நம்பர்:
"அக்கா, அவிய வண்டியில இருந்தா எடுக்கமாட்டாவ.
கேறிச்சா பாலம்?"

இங்கிருந்து பாலத்தின் முதுகு மட்டும்தான் தெரியும்.
எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தேன்.
நீலத் தார்ப்பாய் ஒன்று உச்சியில் அசைந்தது.
அவருடையதாகத்தான் இருக்கவேண்டும்.

"கேறிட்டு" என்றேன்.